காணும்

விடிய ஐந்தரை. குருமடத்து மணி ஓய்ந்துவிட்டது. குசினி விளக்கைப் போட்டு, நேற்றிரவே பிரிட்ஜிலிருந்து எடுத்து வைத்த நான்கு முட்டைகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறேன். என் கைச்சூடும் முட்டையின் சூடும் ஒன்றாகவே இருக்கின்றன. குளிர்நாட்டுச் சமையல் புத்தகங்கள், முட்டைக் கோப்பையைச் சுடுநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து 40 பாகை வரை இளஞ்சூடாக்கிய பிறகு அடிக்கச் சொல்கின்றன. இளஞ்சூட்டில் சீனி சுறுக்காகக் கரையும், முட்டையும் இளகி நிறையக் காற்றுப் பிடிக்கும். சித்திரை மாதத்துக் கொழும்புத்துறையில் முட்டைக்கு வேண்டிய சூட்டை யாரும் உண்டாக்க வேண்டியதில்லை. இரவு முழுக்கச் சுவரிலேயே அது தங்கியிருக்கிறது.

சோளகம் இன்னும் எழவில்லை. வைகாசியில் அது தொடங்கினால் ஜன்னல் கதவுகள் அடிக்கும், பரவைக்கடலின் உப்பீரம் மாவுக்குள்ளும் சீனிக்குள்ளும் இறங்கும். இன்று வேப்பிலை ஒன்றும் அசையவில்லை. பூநகரிப் பக்கம் வெளுக்கிறது.

பெரியம்மாவுக்கு இன்று எண்பது. வெள்ளிக்கிழமையில் வந்துவிட்டது.

*

எங்கள் ஊரில் கேக் செய்வோம் என்று சொல்வதில்லை. கேக் அடிப்போம். "நத்தாருக்குக் கேக் அடிச்சாச்சோ?" என்று கேட்பார்கள். "நாளைக்குக் கேக் அடிக்கவேணும், ஒருக்கா வந்து கை குடு பிள்ளை" என்று வேலிக்கு மேலால் கூப்பிடுவார்கள். அடுப்பில் வேகும் நேரத்தை விட்டுவிட்டு, கை வலிக்கும் நேரத்தை வைத்து இந்த வேலைக்குப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். பட்டர் கேக்குக்கும் ரிச் கேக்குக்கும் அதே சொல்தான். ஆனால் அது முழுதாகப் பொருந்துவது ஸ்பொஞ்சுக்கு என்றே எனக்குப் படுகிறது. பட்டர் கேக்கில் பட்டரும் பேக்கிங் பவுடரும் இருக்கின்றன, கை கொஞ்சம் சோர்ந்தாலும் அவை தாங்கிக்கொள்ளும். ஸ்பொஞ்சில் முட்டை, சீனி, மா. அதை எழும்பச் செய்வது, அடித்து அடித்து உள்ளே வைத்த காற்று மட்டுமே.

பெரியம்மாவின் கணக்கு ஒரே மூச்சில் சொல்லக்கூடியது: நாலு முட்டை, கால் இறாத்தல் சீனி, கால் இறாத்தல் மா. தராசில் வைத்தால் சீனியும் மாவும் ஒவ்வொன்றும் 113 கிராம் வரும். மேலே ஒரு சிட்டிகை உப்பு, வனிலா நாலு துளி. கோப்பையை முதலில் பாதித் தேசிக்காயால் தேய்த்துத் துடைத்துக் காயவிட வேண்டும். பழைய எண்ணெய்ப் பிசுக்கு ஒரு பொட்டு ஒட்டியிருந்தாலும் நுரை சோம்பும்.

பேக்கிங் பவுடர் வந்தது 1843 இல். ஈஸ்ட்டும் முட்டையும் ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காக, பர்மிங்ஹாமில் அல்பிரட் பேர்ட் என்ற இரசாயனவியலாளர் அதைச் செய்தார். அதற்கு முன்னைய நூற்றாண்டுகளில் இப்படியான கேக்கை எழுப்பிய எல்லோரும் முட்டையையும் தம் மணிக்கட்டையும் நம்பியவர்கள். ஒரு மனிதர் தன் வீட்டில் ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாததைக் கவனித்திருக்கிறார், உலகத்துச் சமையலறைகளின் கைவலி குறைந்திருக்கிறது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர் மேல் ஒரு அன்பு வரும்.

*

ஆறு மணி. அடிக்கத் தொடங்கினேன். வீட்டில் மெசின் இருக்கிறது. இன்றைக்குக் கையால்தான்.

தொடக்கத்தில் தண்ணீர்ச் சத்தம். சளக், சளக். மஞ்சளும் வெள்ளையும் கலந்து ஒரு கலங்கல் நிறம், மேலே பெரிய பெரிய குமிழ்கள், கண் பார்க்கும்போதே உடைகின்றன. பத்து நிமிடத்தில் நிறம் வெளிறுகிறது, குமிழ்கள் சிறுக்கின்றன. தோளில் நோவு தொடங்குவது இந்த இடத்தில். முட்டை வெள்ளையில் பத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர். மிச்சம் பெரும்பாலும் புரதம். சுருண்டு கிடந்த புரத இழைகள் அடிபட அடிபட அவிழ்ந்து, ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, ஒவ்வொரு குமிழையும் சுற்றி ஒரு மெல்லிய தோலாகின்றன. சீனி அந்தத் தோலில் உள்ள தண்ணீரைப் பிடித்துவைத்து அதை உடையாமல் காக்கிறது. இதைப் பள்ளிக்கூடத்தில் மனைப்பொருளியல் பாடத்தில் படித்தேன். அதற்கு முன்பே இந்தச் சத்தத்தில் படித்துவிட்டேன்.

பெரியம்மா விறாந்தையில், சாய்மனைக் கதிரையில் இருக்கிறார். மூன்று வருடமாகக் கண் இரண்டும் மங்கல். வெளிச்சமும் நிழலும் தெரியும், முகம் தெரியாது. காது மட்டும் அப்படியே இருக்கிறது.

"இன்னும் தண்ணிச் சத்தம் கேக்குது."

"ஓம் பெரியம்மா."

"கையை மாத்து. ஒரு பக்கமாவே சுத்து."

கை மாற்றினேன். இடக்கைக்கு இந்த வேலை புதிது, கோப்பையின் விளிம்பில் இடிக்கிறது. வெளியே பாசையூர்ப் பக்கமிருந்து மீன் மோட்டார்சைக்கிளின் ஹோர்ன் வந்து போயிற்று. பெரியம்மா வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது தெரிந்தபோது எனக்குக் கை சீரானது.

இருபது நிமிடம் கடந்தது. கம்பி கோப்பையில் படும் ஓசை துணியால் மூடியது போல அடங்கிப்போயிற்று.

"அ எழுதிப் பாத்தனியே?"

இது அவர் எனக்குப் பத்து வயதில் காட்டித் தந்த பரீட்சை. அடிக்கும் கம்பியைத் தூக்கினால் நுரை நாடாவாக விழும். விழும் நாடாவாலேயே நுரையின் மேல் ஓர் 'அ' எழுத வேண்டும், ஏடு தொடக்கும் பிள்ளை அரிசியில் எழுதுவது போல. இடப்பக்கச் சுழியில் தொடங்கி, கீழே வளைந்து, வலப்பக்க நெடுங்கோட்டை இழுத்து முடிக்கும்போது, முதலில் போட்ட சுழி அழியாமல் இருக்க வேண்டும். எழுதினேன். கோட்டுக்கு வந்தபோது சுழி அமிழ்ந்திருந்தது. மறுபடி ஐந்து நிமிடம் அடித்தேன். மறுபடி எழுதினேன். சுழி நின்றது, வளைவு நின்றது, கோடு நின்றது. எழுத்து முழுவதும் புடைத்து, ஓரங்களில் மட்டும் மெல்ல மெல்ல மழுங்கிக்கொண்டு, வெண்மஞ்சளில் வெண்மஞ்சளாய்க் கிடந்தது.

"நிக்குதோ?"

"நிக்குது."

"அப்ப காணும். விடு."

*

காணும் என்ற இந்தச் சொல்லை நான் நெடுநாளாக மனதில் வைத்திருக்கிறேன். தமிழ்நாட்டில் போதும் என்பார்கள். எங்களுக்குக் காணும். சோறு போடும்போது கோப்பைக்கு மேலே கையைக் குறுக்கே பிடித்துக் காணும் காணும் என்போம். கடையில் பருப்பு நிறுப்பவரிடமும் அதே சொல்தான். அழுது அழுது ஓய்ந்த பிள்ளையின் முதுகைத் தடவி, காணும் ராசா என்பார்கள். அந்தச் சொல்லுக்குள் கண் இருக்கிறது. பார்த்தவர்தான் அதைச் சொல்ல முடியும். இன்று எழுத்து நிற்பதை நான் பார்த்தேன், பெரியம்மா காதால் பார்த்தார், சொன்னார்.

காணும் என்ற இடத்தைத் தாண்டி அடித்தால் நுரை வறண்டுபோகும். குமிழ்த் தோல்கள் இழுபட்டு, விரிய இடமில்லாமல், அடுப்புக்குள் சூடு ஏறும்போது வெடித்துவிடும். வெளியே எடுத்தால் கேக் நடுவில் குழிந்திருக்கும். குறைவாக அடித்தவளுக்கும் கூடுதலாக அடித்தவளுக்கும் கிடைப்பது ஒரே குழிதான். இருபது வயதில் நான் எப்போதும் கூடுதலாகவே அடித்தேன். பயத்தில் அடித்தேன் என்று இப்போது தெரிகிறது.

*

மா. மூன்று முறை அரிதட்டில் அரித்துவிட்டேன். பெரியம்மா இன்றும் இதை அமெரிக்கன் மா என்றுதான் சொல்வார். அமெரிக்காவிலிருந்து கோதுமை மா கப்பலில் வந்த காலத்துப் பெயர், அரிசியை இடித்த மாவோடு கலந்துவிடாமல் இருப்பதற்காக வைத்த பெயர். இந்தத் தீவில் கோதுமை விளைவதில்லை. தானியம் கப்பலில் வரும், பெரும்பகுதி திருகோணமலை சீனன்குடாவில் உள்ள பிறிமா ஆலையில் அரைபடும். சீனியும் பெரும்பாலும் கப்பல் சாமான். முட்டை மட்டும் ஊரில் கிடைத்தது; 2023 இல் அதுவும் தட்டுப்பட்டு, பேக்கரிகளுக்கு இந்தியாவிலிருந்து முட்டை வந்தது.

பாண் மாவுக்குப் பசை வேண்டும், ஸ்பொஞ்சுக்கு வேண்டாம். அதனால் இரண்டு தேக்கரண்டி மாவை எடுத்துவிட்டு அந்த அளவுக்குச் சோளமா சேர்க்கிறேன். அரித்த மாவை மூன்று பங்காக, நுரையின் மேல் தூவல் மழை போல.

"இனி அடிக்கிறேல்லை. பிரட்டிறது."

இந்த ஒரு வசனத்துக்குக் கை கீழ்ப்படிவது எளிதல்ல. அரை மணி நேரமாக வேகத்தையே படித்த கை அது. கரண்டியை நடுவில் செங்குத்தாக இறக்கி, அடியைத் தடவி, பக்கத்தால் மேலே கொண்டுவந்து, மெல்லக் கவிழ்க்க வேண்டும். மற்றக் கை கோப்பையைக் கால்வாசி திருப்ப வேண்டும். அவ்வளவுதான். மாவின் வெள்ளைக் கோடு ஒன்று எங்காவது ஒளிந்திருக்கும், அதற்காக இன்னொரு முறை, இன்னுமொரு முறை என்று ஆசைப்பட்டால் ஒவ்வொரு பிரட்டலுக்கும் கொஞ்சம் காற்று போகும். இன்று எண்ணினேன், முப்பத்தெட்டு. கடைசி இரண்டும் தேவையில்லாதவை.

தட்டின் அடியில் மட்டும் எண்ணெய்க் கடதாசி. பக்கங்களுக்கு ஒன்றும் பூசுவதில்லை. கலவை ஏறும்போது பிடித்துக்கொள்ள அதற்குச் சுவர் வேண்டும்.

*

அவண் 170 பாகை. கதவை மூடியாயிற்று. இனி இருபத்தைந்து நிமிடம் யாரும் திறக்கக்கூடாது.

பெரியம்மா அவணைப் போறணை என்கிறார். விறாந்தை, கதிரை, மேசை, குசினி, பாண், போறணை, நத்தார். காலையிலிருந்து இந்த வீட்டில் பேசியதில் பாதிச் சொல் போர்த்துக்கேயருடையது. அவர்கள் யாழ்ப்பாணத்தை 1619 இல் பிடித்து 1658 இல் ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். நாற்பது வருடமும் நிறையவில்லை. கோட்டையைக் கொடுத்துவிட்டுப் போனவர்களின் சொற்கள் குசினிக்குள் தங்கிவிட்டன. அவர்களுடைய ஊரில் 'பாஉ தெ லோ' என்று ஒரு கேக் உண்டு. பட்டர் இல்லை, முட்டை, சீனி, மா மட்டும். பெயரின் முதற்சொல் எங்கள் பாண்தான். 16 ஆம் நூற்றாண்டில் அவர்களின் கப்பல்களோடு நாகசாகிக்குப் போன கேக் அங்கே கஸ்தெரா ஆகி, இன்றும் நீள்சதுரப் பெட்டிகளில் விற்கப்படுகிறது. யப்பானில் ஒருத்தியும் இந்த நேரத்தில் நுரையைத் தூக்கிப் பார்த்து நிற்கலாம். அவள் என்ன எழுத்து எழுதிப் பார்ப்பாள்?

*

எனக்குப் பத்து வயது, 1993. தம்பிக்குப் புதுநன்மை.

1990 ஆனியில் சண்டை மறுபடி தொடங்கியபோது நின்ற மின்சாரம் வரவே இல்லை. எரிபொருள், பற்றரி, சீமெந்து, உரம் எல்லாவற்றுக்கும் தடை. இரவில் ஜாம் போத்தலுக்குள் பஞ்சை அடைத்து, அது குடிக்கும் அளவு மண்ணெண்ணெய் விட்டு எரித்த திரியின் வெளிச்சம். பட்டரின் வாசமே எங்களுக்கு மறந்துபோயிருந்தது. கோழி இருந்தது. பெரியம்மா ஆறு கிழமையாகத் தேநீருக்குச் சீனி போடாமல் சேர்த்து, உரலில் இடித்து அரித்து வைத்திருந்தார். அந்த வருடங்களில் எங்களுக்கு வாய்த்த கேக் ஸ்பொஞ் மட்டுமே. இல்லாதது எதையும் அது கேட்கவில்லை.

பெரிய சட்டியில் கழுவிக் காயவைத்த மணல், இரண்டு விரற்கடை. அதன் மேல் மூன்று கல். கல்லின் மேல் கேக் தட்டு. தகரத்தால் மூடி, மூடிக்கு மேலே சிரட்டைத் தணல், அடியிலும் சிரட்டைத் தணல். அடியில் குறைவு, மேலே கூட. அடிச் சூடு மெல்ல மெல்ல வேண்டும், மணல் அதற்காக.

வைத்துப் பத்து நிமிடத்தில் பொம்மர்ச் சத்தம். மாமரத்தடிப் பங்கருக்குள் இறங்கினோம். தம்பி போட்டுப் பார்ப்பதற்காக வெள்ளை உடுப்பு உடுத்தியிருந்தான். அதோடேயே இறங்கினான். ஒரு மணி நேரத்துக்கு மேல். குண்டு எங்கோ தூரத்தில் விழுந்து மண் உதிர்ந்தது. பெரியம்மா செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். இடையில் ஒருமுறை என் காதருகே, "அடியிலை தணல் கூடிப்போச்சு பிள்ளை" என்றார். அவருடைய பயம் முழுவதும் அந்த வசனத்தில் இருந்ததாக இன்று எனக்குத் தோன்றுகிறது.

ஏறி வந்து திறந்தபோது, மேலே தணல் செத்துச் சாம்பலாகியிருந்தது. கேக் எழும்பியிருந்தது. அடி ஒரு விரல் தடிப்புக்குக் கரி. பெரியம்மா பாண் வெட்டும் கத்தியால் அந்தக் கரியைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தார். அவசரப்படவில்லை. எங்கே கரி முடிந்து எங்கே கேக் தொடங்குகிறதோ அந்த இடத்தில் கத்தி நின்றது. தம்பியின் முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணையும் அப்படித்தான் தட்டிவிட்டார், துணியில் தேய்படாமல்.

இரண்டு வருடத்தில், யாழ்ப்பாண நகரமே காலியான இடப்பெயர்வு, 1995 ஐப்பசி 30. அந்தச் சட்டியை எடுத்துக்கொண்டு போக முடியவில்லை. திரும்பி வந்தபோது அது பின் வளவில் கவிழ்ந்து கிடந்தது, உடையாமல்.

*

2022 இன் பொருளாதார நெருக்கடியில் அந்தச் சட்டியை மறுபடி எடுத்தோம். எரிவாயு இல்லை. பங்குனிக் கடைசியில் ஒரு நாள் 13 மணி நேரம் மின்வெட்டு. பெரியம்மாவுக்கு அப்போதே கண் மங்கிவிட்டது. நான் தணல் போட, அவர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, மூடிக்கு ஒரு சாண் மேலே உள்ளங்கையைப் பிடித்தார். ஒன்று, இரண்டு என்று எண்ணினார். எட்டில் கையை எடுத்தார். "இன்னும் ரெண்டு சிரட்டை." மறுபடி பிடித்தார், ஆறில் எடுத்தார். "இப்ப வை." அன்று கடிகாரமும் வெப்பமானியும் அந்த உள்ளங்கைதான். பல வருடம் அவணில் சுட்ட எனக்கு அது தெரியாமல் இருந்தது. அன்றுதான் படித்தேன். என் கையில் எட்டுக்கு என்ன சூடு, ஆறுக்கு என்ன சூடு என்று இப்போது தெரியும். ஆளுக்கு ஆள் எண்ணிக்கை மாறும், அவரவர் கையைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

*

இருபத்தைந்து நிமிடம். கதவைத் திறந்தேன். நிறம் வந்திருக்கிறது, பக்கங்கள் இன்னும் தட்டை விட்டு விலகவில்லை. விரலால் தொட்டால் மெல்ல அமிழ்ந்து எழுகிறது. ஈர்க்கைக் குத்தினேன், சுத்தமாக வந்தது. எனக்கு இது காணும் என்று பட்டது.

"காதுக்குக் கிட்டக் கொண்டு வா."

துணியால் பிடித்துக் கொண்டுபோனேன். பெரியம்மா தலையைச் சாய்த்துக் கேட்டார். நானும் குனிந்து கேட்டேன். வெந்துகொண்டிருக்கும் கேக்குக்குள், மிக மெல்லிய ஒரு சரசரப்பு, ஈர மணலில் அலை வடியும்போது கேட்பது போல.

"இன்னும் கதைக்குது. மூண்டு நிமிஷம் விடு."

விட்டேன். மறுபடி எடுத்தபோது சத்தம் இல்லை. தட்டை இரண்டு கோப்பைகளின் மேல் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தேன். சூடு இருக்கும் வரை அந்தக் குமிழ்ச் சுவர்கள் இளசு, கேக் தன் பாரத்திலேயே அமுங்கிவிடும். தலைகீழாகத் தொங்கினால் பாரம் அதை நீட்டி வைக்கும். ஒரு மணி நேரம் அப்படியே. அதற்குள் குளித்து, வாசல் கூட்டி, பெரியம்மாவின் தலையைச் சீவிவிட்டேன். முடியும் இந்தக் கேக்கைப் போலக் கைக்குப் பாரமில்லாமல் இருக்கிறது.

*

வெட்டினேன். பாண் கத்தியை அழுத்தாமல், வாள் போல முன்னும் பின்னும். வெட்டுமுகத்தில் எல்லாத் துளைகளும் ஒரே அளவில்லை. வலக்கை அடித்த நேரத்துக்கு நுண்துளை, இடக்கை இடறிய நேரத்துக்குப் பெருந்துளை என்று நானாக நினைத்துக்கொள்கிறேன். பெரியம்மா துண்டை வாயில் வைக்குமுன் இரு விரலால் அமுக்கி விட்டார். அது எழும்பியது. மறுபடி அமுக்கினார், எழும்பியது. பிறகுதான் சாப்பிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது துண்டுக்குக் கை நீட்டினார்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு நான்கு துண்டு. வெள்ளிக்கிழமை, அவருக்கு விரதம். முட்டை மச்சம், விரதத்துக்கு ஆகாது. விடியவே, எங்கள் ஊரில் குடிலில் வாழ்ந்த சைவத் துறவி யோகர் சுவாமியின் ஆச்சிரமத்துக்குப் போய்விட்டு வந்து, திருநீற்றோடு மதிலடியில் நின்றார். சுவாமி சமாதியானது 1964 மார்ச்சில். அப்போது பெரியம்மாவுக்கு இருபது வயதளவு. மதிலுக்கு இந்தப் பக்கம் வேதக்கோவிலடி, அந்தப் பக்கம் ஆச்சிரமத்தடி என்று இருந்தாலும், இரண்டு வீட்டுக்கும் அந்தக் குடிலின் அமைதி தெரியும்.

"இண்டைக்கு வேண்டாம் எண்டால் நாளைக்குத் தாறன் அக்கா."

"பிறந்தநாள் கேக்கை நாளைக்கு வாங்கிறதே. தா, வைச்சுச் சாப்பிடுறன்."

"பட்டர் இல்லை. நாளைக்குக் காஞ்சுபோகும்."

"காஞ்சா என்ன. பிளேன்ரீயிலை தோய்ச்சா ஊறும்."

இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டு போனார்.

பின்னேரம் உடுப்பு எடுக்க வளவுக்குப் போனபோது மதிலுக்கு மேலால் தெரிந்தது. குசினிக்குள் கொண்டுபோகவில்லை. விறாந்தை மேசையில், ஒரு அகலச் சட்டித் தண்ணீருக்கு நடுவே கவிழ்த்த சிரட்டை ஒன்று. சிரட்டையின் மேல் தட்டு, தட்டின் மேல் ஓலைக் கூடை. தண்ணீரின் ஓரம் வரை வந்த எறும்புகள் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தன.